கேத வீட்டு ஜெபம்: எதை வாசிக்க, எதைப் பேசாமல் இருக்க?

நம்பியாறு:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நாங்குநேரிப் பக்கம் ஒரு சின்னச் சபை. இங்கே ஒரு கேத வீட்டில், அதாவது துக்க வீட்டில், ஏழு நாள் ஜெபம். சி.எஸ்.ஐ. சேகரத்தில் (ஒரே போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதியில்) கோயில்கள் நிறைய என்பதால் ஐயர், அதாவது போதகர், மூன்றாம் நாள் ஜெபத்துக்கு மட்டும்தான் வர முடியும். மற்ற ஆறு நாளும் சபையாரே நடத்திக்கொள்ள வேண்டும். நாளை ராத்திரி ஏழு மணிக்கு முதல் ஜெபம்.

இறந்தவர் நாற்பதைத் தொடாதவர், பைக் விபத்து. வீட்டில் மனைவி, 11 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பையன்கள், வயதான தாயார்.

ஒவ்வொரு நாளும் எந்தப் பகுதியை வாசிப்பது, எவ்வளவு நேரம் போகலாம்? வருகிறவர்கள் "எல்லாம் நன்மைக்குத்தான்", "நல்லவங்களத்தான் ஆண்டவர் சீக்கிரம் எடுத்துக்கிடுதாரு" என்று சொல்லிச் சொல்லி, அந்த அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இதை எப்படி மட்டுப்படுத்துவது? பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

கடைசியாக ஒன்று, இதுதான் பெரிது. ஜனவரி 1 அன்று கோயிலில் எடுத்த வாக்குத்தத்த அட்டை, அந்த வருஷத்துக்கு ஆண்டவர் தரும் வாக்கு என்று ஆளுக்கொரு வசனம் எடுப்போமே அது, சுவரில் தொங்குகிறது. சங்கீதம் 91:16, "நீடித்த நாட்களால்" என்று தொடங்கும் வசனம். "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று அக்கா கேட்கிறார்கள். யாரும் வாய் திறக்கவில்லை.

தேரிமணல்:

முதலில் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். 25 நிமிடம். நீட்டினாலும் அரை மணிக்கு மேல் வேண்டாம். அந்த வீட்டார் இரண்டு ராத்திரி தூங்கியிருக்க மாட்டார்கள், ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கவும் மாட்டார்கள். அந்த உடம்பில் பிரசங்கம் ஏறாது. எலியா "போதும் கர்த்தாவே" என்று சூரைச்செடியின் கீழ் படுத்தபோது தேவதூதன் அவனுக்கு உபதேசம் பண்ணவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அவன் சாப்பிட்டு மறுபடி படுத்துக்கொண்டான். இரண்டாந்தரம் வந்தபோதும் சாப்பாடுதான் (1 இராஜாக்கள் 19:5-7). ஓரேப் மலையில் கர்த்தர் அவனோடு பேசியதெல்லாம் அதற்கு நாற்பது நாள் கழித்து. அதனால் ஏழு மணி ஜெபம் என்றால், ஆறரைக்குள் அந்த அம்மா நாலு வாய் சாப்பிட்டார்களா என்று பார்க்க ஒருத்தரை வையுங்கள். ஜெபத்தில் முதல் வேலை அது.

நேரப் பங்கீடு இப்படி வரும். பாட்டு 4 நிமிடம், சங்கீதம் 4, வேத பாடம் 3 அல்லது 4, மௌனம் 2, விளக்கம் அதிகபட்சம் 5, இரண்டு பேர் ஜெபம் 4, பிறகு கர்த்தருடைய ஜெபமும் எல்லாரும் சேர்ந்து சொல்லும் கிருபையின் வாக்கும். "வேற யாராவது ஜெபிக்கலாம்" என்று மட்டும் திறந்துவிடாதீர்கள். எட்டுப் பேர் ஜெபிப்பார்கள், எட்டும் பிரசங்கமாக இருக்கும், நாலாவது ஜெபத்தில் விபத்து எப்படி நடந்தது என்று ஆண்டவருக்கே ஒருவர் விவரிப்பார். இரண்டு பேரை மத்தியானமே பெயர் சொல்லிக் கேட்டு, "மூணு வாக்கியம் போதும்" என்று சொல்லி வையுங்கள்.

மௌனத்தை அறிவிக்காமல் விட்டால், நடத்துகிறவர் அடுத்தது என்ன என்று மறந்துவிட்டார் என்று நினைத்து யாராவது "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று தொடங்கிவிடுவார்கள். "ரெண்டு நிமிஷம் ஒண்ணும் பேசாம இருப்போம், அழுகிறவங்க அழலாம்" என்று முன்னாலேயே சொல்லுங்கள். கையில் கடிகாரம் இருக்கட்டும். இரண்டு நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளம்.

வாசிப்புக்கு என் வரிசை:

முதல் ராத்திரி சங்கீதம் 13. ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் மட்டும் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நாலு தடவை வருகிறது. 3, 4 விண்ணப்பம், 5, 6 நம்பிக்கை. ஒற்றைப்பட வசனம் நடத்துகிறவர், இரட்டைப்பட வசனம் சபை என்று மாறி மாறி வாசித்தால், அழுகிறவர் வாய் திறக்காவிட்டாலும் ஊர் அவருக்காகக் கேட்கும். அன்றைக்கே அந்த அம்மா 5ஆம் வசனத்துக்கு வந்துவிட வேண்டும் என்கிற தோரணையில் மட்டும் விளக்கம் கொடுக்காதீர்கள்.

இரண்டாம் ராத்திரி யோவான் 11:17-36. முப்பத்தாறோடு நிறுத்துங்கள். இது முக்கியம். லாசரு வெளியே வருகிற பகுதிவரை வாசித்தால், எங்க வீட்டில் மட்டும் ஏன் வரவில்லை என்ற கேள்வியோடு அந்த அம்மா படுக்கப் போவார்கள். உயிர்த்தெழுதலின் வாக்கு 25, 26ஆம் வசனங்களில் ஏற்கெனவே வந்துவிடுகிறது. மார்த்தாளும் மரியாளும் தனித்தனியாக வந்து ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் சாகமாட்டான் (21, 32). அப்படிக் கேட்டதற்காக இரண்டு பேரில் ஒருவரையும் இயேசு கடிந்துகொள்ளவில்லை. ஒருத்தியிடம் பேசினார், இன்னொருத்தியோடு அழுதார். ஐந்து நிமிட விளக்கத்துக்கு இது ஒன்றே போதும்.

மூன்றாம் நாள் ஐயர் பாடு. நாலாம் நாள் சங்கீதம் 42ஐயும் 43ஐயும் சேர்த்து. "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்" என்ற பல்லவி 42:5, 42:11, 43:5 என மூன்று இடத்தில் வரும். அதை மட்டும் எல்லாரும் சொல்லட்டும். ஐந்தாம் நாள் புலம்பல் 3. அதில் 22, 23 எல்லாருக்கும் மனப்பாடம், ஆனால் 1 முதல் 20 வரை யாரும் வாசிப்பதில்லை. அந்த இருபதையும் வாசித்துவிட்டு 33இல் முடியுங்கள். காலைதோறும் புதிய இரக்கம் என்று சொல்கிறவர் எவ்வளவு நொறுங்கிப்போய் அதைச் சொல்கிறார் என்று அப்போதுதான் விளங்கும். ஆறாம் நாள் ரோமர் 8:18-27, வார்த்தை வராத பெருமூச்சே ஜெபம் என்கிற இடம். ஏழாம் நாள் யோவான் 14:1-6, கூடவே சங்கீதம் 23.

23ஐ வேகமாக ஒப்பிக்கிற பழக்கம் நமக்கு உண்டு. மூன்றாம் வசனம்வரை "அவர்", "அவர்" என்று போகிற சங்கீதம், மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் "தேவரீர்" என்று முன்னிலைக்குத் திரும்பிவிடும். அந்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தி வாசித்தால் போதும், விளக்கம் தேவையில்லை.

பனைஓலை:

அண்ணாச்சி வரிசை நன்று. ஆனால் சங்கீதம் 88ஐ விட்டுவிட்டீர்கள். பதினெட்டு வசனத்தில் கடைசிவரை விடியாத சங்கீதம் அது ஒன்றுதான். அதுவும் வேதத்தில் இருக்கிறது என்று துக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். நம்முடைய பழைய 1662 ஜெபப் புத்தகத்தின் அடக்க ஆராதனையிலேயே 90க்கு முன்னால் 39ஆம் சங்கீதம் வைத்திருக்கிறார்கள். அதன் கடைசி வசனம் துதி இல்லை, "நான் இனி இராமற்போகுமுன்னே" என்கிற கெஞ்சல். அந்தக் காலத்து ஐயர்மாருக்குத் தெரிந்திருந்தது. இப்போதுதான் கேத வீட்டில்கூட வெற்றி முழக்கம் இல்லாமல் ஜெபம் முடிவதில்லை.

பாட்டு விஷயம். ஒலிபெருக்கிப் பெட்டி வேண்டாம். இருபது முப்பது பேர் உட்காரும் முற்றத்துக்கு அது எதற்கு? மைக் வந்தால் பேசுகிறவர் குரல் மாறிவிடும், நேரமும் கூடிவிடும். கீர்த்தனையில் பல்லவியும் இரண்டு சரணமும் போதும். வழக்கமாக எடுக்கும் சுருதியிலிருந்து ஒரு கட்டை இறக்கி எடுங்கள். அழுது கம்மிப்போன தொண்டை மேல் ஸ்தாயிக்கு ஏறாது. அனுபல்லவியிலேயே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள், பாட்டு நடத்துகிறவர் ஒருவர் மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருப்பார். தாளம், கைதட்டல் வேண்டாம். இறந்தவருக்குப் பிடித்த பாட்டை முதல் நாளே போடாதீர்கள், வீட்டார் கேட்டால் மட்டும்.

துண்டுப்பிரதி, ஆறுதல் புத்தகம் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு விஷயம். உங்களுக்குப் பக்கத்து டோனாவூரில்தான் ஏமி கார்மைக்கேல் அம்மையார் இருந்தார். 1931இல் விழுந்து அடிபட்டபின், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். நோயாளிகளுக்கென்று அவருக்கு வந்த எழுத்துகள் பெரும்பாலும் நலமாக இருப்பவர்கள் எழுதியவை, அதனால் அவை உள்ளே போய் எட்டவில்லை என்று கண்டார். அதனாலேயே படுக்கையில் இருந்துகொண்டு படுக்கையில் இருப்பவர்களுக்கு எழுதத் தொடங்கினார். கையில் கொடுக்கும் தாளை எழுதியவர் எங்கே நின்று எழுதினார் என்று பார்த்துக் கொடுங்கள்.

தேரிமணல்:

தம்பி, 88 பற்றி எனக்கு வேறு எண்ணம். கூட்டத்தில் அதை வாசித்தால் "என்ன இப்படி வசனம் வாசிக்காவ" என்று நாலு பெரியம்மாமார் முணுமுணுப்பார்கள், அந்த அம்மாவுக்குத்தான் சங்கடம். அந்த அம்மாவுடைய வேதாகமத்தில் அந்தப் பக்கத்தில் ஒரு நாடாவை வைத்துவிட்டு வந்தால் போதும். ராத்திரி இரண்டு மணிக்கு அது உதவும்.

எழுத்தாணி:

அட்டைக் கேள்விக்கு வருகிறேன்.

91ஆம் சங்கீதத்தை வேதத்தில் வேறொருவன் எடுத்துக் காட்டும் இடம் ஒன்று இருக்கிறது: வனாந்தரத்தில் சாத்தான் (மத்தேயு 4:6). 11, 12ஆம் வசனங்களைச் சொல்லி, எழுதியிருக்கிறதே, கீழே குதியும் என்கிறான். இயேசு அந்தச் சங்கீதத்தைப் பொய் என்று சொல்லவில்லை, அதைக் காப்பீட்டுப் பத்திரமாகப் பிடிக்கத்தான் மறுத்தார். பிறகு அவரே முப்பத்துச் சொச்சம் வயதில் சிலுவையில் இறந்தார். "நீடித்த நாட்கள்" என்பது வருஷக் கணக்குதான் என்று வைத்தால், அந்த வசனம் முதலில் அவருக்கே பலிக்கவில்லை. இந்த அளவுக்கு விளக்கம் சொல்லலாம், அதுவும் அந்த அக்கா மறுபடி கேட்டால் மட்டும்.

அதைவிட நல்ல வழி 89ஆம் சங்கீதம். முதல் 37 வசனம் தாவீதுக்குக் கொடுத்த வாக்குத்தத்தம், அவ்வளவு உறுதியாக. 38இல் அப்படியே திரும்புகிறது: நீர் எங்களைத் தள்ளிவிட்டீர். 49இல் "உமது பூர்வ கிருபைகள் எங்கே?" என்று கேட்கிறார். வாக்கை ஒரு கையில் வைத்துக்கொண்டு, நடந்ததை இன்னொரு கையில் வைத்துக்கொண்டு, கொடுத்தவரிடமே போய் "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கிற ஜெபம் அது. அக்கா கேட்டது அதே கேள்வி. அவர்கள் விசுவாசத்தில் தடுமாறவில்லை, வேதம் ஜெபிக்கிற மாதிரியே ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். அட்டையை நீங்களாகக் கழற்றாதீர்கள், அதற்கு வக்காலத்தும் வாங்காதீர்கள். கழற்றவா என்று கேளுங்கள். இருக்கட்டும் என்றால் இருக்கட்டும்.

வாக்குத்தத்த அட்டை முறையில் உள்ள கோளாறு ஊருக்கே தெரிந்ததுதான்: ஒரு வசனத்தைச் சுற்றியுள்ள பத்து வசனத்திலிருந்து வெட்டி எடுக்கிறோம். எரேமியா 29:11 எத்தனை வீட்டுச் சுவரில் இருக்கிறது! அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் பாபிலோனிலேயே கண்ணை மூடியிருப்பார்கள். பத்தாம் வசனத்தையும் சேர்த்து அச்சடித்தால் அட்டையை யார் எடுப்பார்கள் என்பது வேறு விஷயம்.

இனி, வருகிறவர்கள் சொல்கிறவை.

"சகலமும் நன்மைக்கு ஏதுவாக" என்பது ரோமர் 8:28. அதே நிருபத்தில் 12:15 அழுகிறவர்களுடனே அழுங்கள் என்கிறது. முதலாவது, பாடு பட்டவர் தாமே ஒரு நாள் சொல்ல வேண்டிய சாட்சி. இரண்டாவது, போகிறவர்களுக்குக் கொடுத்த கட்டளை. இடம் மாற்றிப் போடுவதால்தான் குத்துகிறது. "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்பதும் அப்படித்தான். அதைச் சொன்னது யோபு, அவனைப் பார்க்க வந்தவர்கள் இல்லை. வந்த மூன்று பேரும் செய்த ஒரே நல்ல காரியம் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தது (2:13). வாயைத் திறந்ததும் எல்லாம் கெட்டது. யோபுவே அவர்களை "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்றான் (16:2). கர்த்தரும் கடைசியில் அவர்கள்மேல்தான் கோபப்பட்டார் (42:7).

"தாங்க முடியாததை ஆண்டவர் தரமாட்டார்" என்பது 1 கொரிந்தியர் 10:13ஐத் திருகிச் சொல்வது. அங்கே பேச்சு பாவத்துக்கு இழுக்கும் சோதனையைப் பற்றி. பாடுகளைப் பற்றி அதே பவுல் அதே சபைக்கு எழுதியதைப் பாருங்கள்: எங்கள் பலத்திற்கு மிஞ்சின பாரம், பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று (2 கொரிந்தியர் 1:8). தாங்க முடியவில்லை என்று ஒரு அப்போஸ்தலன் எழுதலாம் என்றால் அந்த அக்காவும் சொல்லலாம்.

"துக்கப்படாதிங்க" என்பதற்கு 1 தெசலோனிக்கேயர் 4:13ஐ இழுப்பார்கள். நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்காதபடிக்கு என்றுதான் இருக்கிறது. துக்கமே கூடாது என்று அங்கே இல்லை.

மட்டுப்படுத்த வழி: வாசலில் நின்று வாயை அடைக்க முடியாது. அதற்குப் பதிலாகச் சொல்ல ஒரு வாக்கியம் கொடுங்கள். முதல் நாள் ஜெபத்தின் முடிவில் நடத்துகிறவர், "அக்காவைப் பார்க்க வாறவங்க 'நாங்க இருக்கோம்'னு மட்டும் சொல்லுங்க, இல்லேன்னா இறந்தவரைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்ச நல்லது ஒண்ணு சொல்லுங்க" என்று அறிவித்துவிடலாம். என்ன பேசுவது என்று தெரியாததால்தான் முக்கால்வாசிப் பேர் வசனத்தை எடுத்து வீசுகிறார்கள்.

கருப்பட்டிக்காப்பி:

பிள்ளைகள் பற்றி யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன்.

"அப்பா தூங்குதாரு" என்று ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்லவே கூடாது. அவன் ராத்திரி தூங்கப் பயப்படுவான், அம்மா கண்ணை மூடினால் உலுக்கி எழுப்புவான். யோவான் 11ஐ மறுபடி பாருங்கள். லாசரு நித்திரையடைந்திருக்கிறான் என்று ஆண்டவர் சொன்னபோது சீஷர்களே தப்பாக விளங்கிக்கொண்டு, தூங்கினால் சுகமாகிவிடுவான் என்றார்கள். அப்புறம் அவரே வெளிப்படையாக "லாசரு மரித்துப்போனான்" என்றார் (11:11-14). வளர்ந்தவர்களுக்கே விளங்காத பேச்சு பிள்ளைக்கு எப்படி விளங்கும்? "அப்பா செத்துப்போயிட்டாங்க. அவங்க உடம்பு இனி வேலை செய்யாது, வலிக்காது. அப்பா ஆண்டவர்கிட்ட இருக்காங்க. உன்மேல தப்பு ஒண்ணும் இல்ல." இந்த நாலையும் இந்த வரிசையில் சொன்னால் போதும். அதே கேள்வியைப் பத்துத் தடவை கேட்பான், பத்துத் தடவையும் அதே பதில்.

"ஆண்டவருக்கு அப்பா தேவைப்பட்டாங்க" என்று சொல்லாதீர்கள். எனக்கும்தானே தேவை என்று அவன் ஆண்டவர்மேல் கோபப்படுவான், அந்தக் கோபம் நியாயமானது. பெரியவனிடம் "இனி நீதான்ல இந்த வீட்டுக்கு ஆம்பள" என்று தோளைத் தட்டுகிறவர்களைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போங்கள். பதினோரு வயது.

ஏழு நாளில் ஒரு நாள் ஜெபத்தைப் பிள்ளைகளுக்காக வையுங்கள். சங்கீதம் 121, எட்டு வசனம். ஆளுக்கு ஒரு வசனமாக ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் எட்டுப் பேர் வாசிக்கட்டும். அன்றைக்கு அந்த இரண்டு பையன்களையும் வாசிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், கூட்டாளிகள் நடுவில் உட்கார்ந்தால் போதும்.

அடுத்து அடுப்பு. முதல் இரண்டு நாள் எல்லாருமே சோறு கொண்டுவருவார்கள், நாலாம் நாளிலிருந்து ஒருத்தரும் வரமாட்டார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒரு நோட்டுப் போட்டு வேளைக்கு ஒரு வீடு என்று 14 நாளுக்கு எழுதிவிடுங்கள். காலையில் இட்லி, மத்தியானம் கொஞ்சம் ரசம் சோறு, ராத்திரி கஞ்சியும் துவையலும். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். தாயாருக்குச் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை உண்டா என்று கேட்டு, யார் கொடுப்பது என்று ஒருத்தரை வையுங்கள். இந்தக் களேபரத்தில் முதலில் விட்டுப்போவது அதுதான். குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று வாயால் சொல்லிவிட்டுப் போகிறவர்களை யாக்கோபு 2:16 என்ன சொல்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

காகித வேலைக்கு விவரம் தெரிந்த ஒரு அண்ணாச்சி துணைக்குப் போகட்டும். இறப்பு எந்த எல்லையில் நடந்ததோ அங்கே 21 நாளுக்குள் பதிவு. இறப்புச் சான்று கூடுதல் பிரதிகள் வாங்கி வையுங்கள், ஒவ்வொரு இடத்திலும் ஒன்று கேட்பார்கள். வாரிசுச் சான்று இ-சேவை மையம் வழியாகத் தாலுகாவுக்கு. விபத்து என்பதால் முதல் தகவல் அறிக்கை நகலும் பிரேதப் பரிசோதனைச் சான்றும் பத்திரம். இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போடப் பாருங்கள். "சும்மா கையெழுத்துப் போடுங்க" என்று யாராவது தாளை நீட்டினால், சபையிலிருந்து ஒருத்தர் படித்துப் பார்க்காமல் போட வேண்டாம்.

மணப்பாட்டுக்காற்று:

நான் கத்தோலிக்கச் சபை, கடற்கரை ஊர். உங்கள் முறை வேறு என்று தெரியும், ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். எங்கள் பக்கம் துக்க வீட்டில் செபமாலைதான் பிரதானம். பத்துப் பத்தாக ஐந்து, இருபது நிமிடத்தில் முடியும். செவ்வாய், வெள்ளியில் சொல்லும் துயர மறையுண்மைகளையே (இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் பகுதி) மற்ற நாளிலும் எடுப்பவர்கள் உண்டு. இதில் உள்ள வசதி, அழுகிறவர் புதிதாக ஒரு வார்த்தையும் யோசிக்க வேண்டாம். வாய் தானாகச் சொல்லும், விரல் மணியை நகர்த்தும். நடுவில் அழுகை வந்து நின்றால் பக்கத்தில் இருப்பவர் குரல் தூக்கிக்கொண்டு போகும்.

உங்களுக்கு மாலை வேண்டாம், ஆனால் திரும்பத் திரும்பச் சொல்ல ஒரு சின்ன வசனம் கொடுக்கலாமே. சங்கீதம் 56:3, "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்". மூச்சை இழுக்கும்போது முதல் பாதி, விடும்போது மறு பாதி. தூக்கம் வராத ராத்திரியில் ஒரு அதிகாரம் வாசிக்க முடியாது, இது முடியும்.

வெள்ளைக்கோட்டு:

எல்லாரும் சொன்னது சரி. ஜெபத்தோடு சேர்த்துக் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

முதல் சில வாரங்களில் தூக்கமின்மை, பசியின்மை, இறந்தவர் குரல் கேட்டதுபோல் இருப்பது, திடீர்க் கோபம், எல்லாம் சாதாரணத் துக்கத்தில் வருகிறவைதான். பேய் என்றோ விசுவாசக் குறைவு என்றோ பேசாதீர்கள். "நானும் அவங்ககூடப் போயிடணும்" என்ற பேச்சு வந்தால் அதை அழுகைப் பேச்சு என்று ஒதுக்காமல், தனியே உட்கார்த்தி "சாகணும்னு தோணுதா, எப்படின்னு யோசிச்சீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது. பெரும்பாலும் கேட்டதே ஆறுதலாக இருக்கும். எப்படி என்றுவரை யோசித்திருந்தால் தனியே விட வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரி என்றால் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

விவசாய வீடு என்றால் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் தொழுவத்திலோ மச்சிலோ இருக்கும். இன்றைக்கே வேறு வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பூட்டி வையுங்கள். யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வேகத்தில் கை நீளும் தூரத்தில் அது இல்லாமல் இருப்பதே உயிரைக் காக்கும்.

ஆறு மாதம், ஒரு வருடம் தாண்டியும் அன்றாட வேலை எதுவும் ஓடாமல் முதல் வாரம் போலவே இருந்தால் நீடித்த துக்கம் என்று அதற்கு வைத்தியம் உண்டு. மருத்துவர் மாத்திரை கொடுத்தால் "ஜெபம் பண்ணியாச்சே, இனி எதுக்கு?" என்று நிறுத்தச் சொல்லாதீர்கள்.

எழுத்தாணி:

ஒன்று விட்டுப்போயிற்று. டிசம்பர் 31 இரவு ஆராதனை. மறுபடி அட்டைத் தட்டு அந்த அக்கா முன்னால் நீளும். அதற்கு முன்பே வீட்டுக்குப் போய், வருவதா வேண்டாமா, அட்டை எடுப்பதா வேண்டாமா என்று அவர்கள் விருப்பத்தைக் கேட்டு, பக்கத்தில் உட்கார ஒரு பெண்ணையும் ஏற்பாடு பண்ணிவிடுங்கள். தட்டு பிடிக்கும் பிள்ளைக்கும் சொல்லிவையுங்கள். கல்யாண நாள், பையன்கள் பிறந்தநாள், அசன நாள் (கோயிலில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து நாள்) இவற்றையும் இப்போதே ஒரு காலண்டரில் குறித்துவைத்தால் நல்லது.

நம்பியாறு:

எல்லாருக்கும் நன்றி. நாளைக்கு 13ஆம் சங்கீதம், மாறி மாறி வாசிக்க. ஜெபிக்க இரண்டு பேரைக் கேட்டாயிற்று, ஒருவர் "மூணு வாக்கியம்தானா?" என்று கொஞ்சம் வருத்தப்பட்டார். பூச்சிமருந்து டப்பாவைச் சாயங்காலமே பக்கத்து வீட்டுக்கு மாற்றிவிடுகிறோம். 88 கூட்டத்தில் வேண்டாம், நாடா வைக்கிறோம். அட்டையைப் பற்றி அக்காவிடம் நாளைக்குக் கேட்கிறேன்.

வாசிப்பவர் கண்ணாடி இல்லாமல் தடுமாறுகிறவர். ஏதாவது யோசனை?

தேரிமணல்:

பெரிய எழுத்து வேதாகமம் கோயில் பீடத்தில் இருக்கும், கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்குட்டியாரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் சரிப்படாவிட்டால் அந்த ஆறு வசனத்தையும் தடித்த எழுத்தில் ஒரு தாளில் எழுதி, சபை சொல்ல வேண்டிய இரட்டைப்பட வசனத்துக்குக் கீழே கோடு போட்டு, பத்துப் பிரதி எடுத்துவிடுங்கள். ஏழு மணிக்குக் கரண்டு போனால் என்ன செய்ய என்றும் யோசித்து, ஒரு டார்ச் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.